மூங்கிலைச் சுவரில் ஒட்டாதீர்கள், மாட்டுங்கள்

கேள்வி இதுதான்: பாளையங்கோட்டையில் புது வீட்டு வேலை முடியும் நிலையில் இருக்கிறது. கூடத்தில் ஒரு சுவருக்கும் படுக்கையறையில் ஒரு சுவருக்கும் இயற்கை மூங்கில் பதிக்க ஆசை. நம் ஊர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் தாங்குமா, பூச்சி வருமா?

சரியாகச் செய்தால் தாங்கும். அவசரப்பட்டால் பூச்சி வரும். இரண்டுமே எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருநெல்வேலி மீனாட்சிபுரம் பக்கம். 2018இல் படுக்கையறையில் கட்டிலுக்குத் தலைமாட்டுச் சுவரில் முதலில் மூங்கில் போட்டோம். மெல்லிய மூங்கில் பட்டைகளை வரிசையாக அடுக்கி, பின்னால் துணி ஒட்டி, பாய் போலச் சுருட்டி விற்பார்களே, அந்தச் சுருள். சுவர் முழுக்கப் பசை தடவி நேரடியாக ஒட்டிவிட்டோம். முதல் வருஷம் அத்தனை அழகு. விளக்கைப் போட்டால் அறையே தேன் நிறமாக இருக்கும்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டாவது வருஷம் கார்த்திகை மழையில் அறைக்குள் நுழைந்தாலே ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. மூலையில் பட்டைகள் உப்பிக்கொண்டு வந்தன. விரலால் நெம்பிப் பார்த்தால் துணியின் பின்புறம் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். சுவரில் ஏறிய ஓதம் வெளியே போக வழியில்லாமல் பசைக்கும் துணிக்கும் நடுவில் தங்கிவிட்டது. மூங்கில் பட்டையின் மேல்தோல் வழவழப்பானது, தண்ணீரை எளிதில் விடாது. அதனால் முன்பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும், பின்பக்கம் கெட்டுக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அதே சமயத்தில் தரையில் வெளிர் மஞ்சளாக மாவு கொட்டத் தொடங்கியது. தினமும் பெருக்குவேன், மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் இருக்கும். பட்டைகளில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது, அதைத் தின்ன வரும் சின்ன வண்டின் வேலை இது. பழைய சொளவை, அதாவது முறத்தை, எடுத்துத் தட்டினால் மாவு உதிருமே, அதே உளுப்புத்தான். கடைசியில் எல்லாவற்றையும் பிய்த்து எடுத்தோம். பசை பிடித்த இடத்திலெல்லாம் பூச்சும் பெயர்ந்து வந்தது. அந்தச் சுவரை மறுபடியும் பூசி எடுக்கும் செலவு மூங்கில் வாங்கிய செலவைவிட அதிகம்.

மூங்கில் ஆசையை அத்தோடு விட்டிருப்பேன். சொளவு வாங்கப் போன இடத்தில் கூடை முடையும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோதுதான் விஷயமே புரிந்தது. “பச்ச மூங்கில ஊறப்போடாமச் சீவியிருப்பான் தாயி. அது உளுக்கத்தான் செய்யும்” என்றார். மூன்று நான்கு வருஷம் முற்றிய மூங்கிலாக இருக்க வேண்டும், குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டக் கூடாது, மழை ஓய்ந்து தை, மாசியில் தேய்பிறை பார்த்து வெட்டணும், பிறகு ஓடுகிற தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறணும் என்றார். தேய்பிறைக் கணக்கு அவர்களுடைய வழிவழி வந்த நம்பிக்கை. ஆனால் மற்ற மூன்றுக்கும் காரணம் தெளிவாக இருக்கிறது. இளம் மூங்கிலிலும், குருத்து விடத் தயாராகும் மூங்கிலிலும் மாவுச்சத்து அதிகம். தண்ணீரில் ஊறினால் அது கரைந்து வெளியேறுகிறது. தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் வண்டு அவ்வளவாக வராது.

இப்போது அதோடு வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் சேர்க்கிறார்கள். வெண்காரம் 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு. 95 லிட்டர் தண்ணீரில் இந்தக் கலவை 5 கிலோ. பிளந்த பிளாச்சுகள் இதில் ஒரு வாரம் முழுக்க மூழ்கிக் கிடக்க வேண்டும், பிறகு நிழலில் காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கடையில் வாங்கினாலும் சரி, ஆள் வைத்துச் செய்தாலும் சரி, “மருந்தில் ஊறியதா, மேலே தடவியதா?” என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். தடவியது மேல்தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை.

2021இல் கூடத்துக்குப் போடலாம் என்று பேச்சு எடுத்தபோது அத்தைக்குப் பிடிக்கவில்லை. “ஏட்டி, பாடை கட்டுத மூங்கிலப் போயி நடுவீட்டுல அடிக்கப் போறியளாக்கும்?” என்று கேட்டார். இதை நீங்களும் கேட்க வேண்டி வரலாம், அதனால்தான் சொல்கிறேன். பெரியவர்கள் மனதில் இந்த நினைப்பு ஆழமாக இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. நான் எதுவும் வாதாடவில்லை. அடுத்த முறை டவுனுக்குப் போனபோது நெல்லையப்பர் கோயில் தல விருட்சத்தின் முன்னால் அவரே சற்று நேரம் நின்றார். அங்கே தல விருட்சம் மூங்கில். இந்த ஊரே ஒரு காலத்தில் வேணுவனம், அதாவது மூங்கில் காடு என்பது தலபுராணம். பால் சுமந்து போன ராமக்கோன் தினமும் ஒரே இடத்தில் இடறி விழ, கோடரியால் அந்த இடத்தை வெட்ட, ரத்தம் கசிந்து சுவாமி வெளிப்பட்டார் என்ற கதையை அத்தையே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். வீடு திரும்பும் வழியில், “சாமி இருந்த எடந்தான, செய்யுங்க” என்றார். எனக்கு அது பெரிய நிம்மதி.

இந்த முறை வேலையை முழுக்க ஆசாரி அண்ணாச்சியிடம் விட்டோம். அவர் முதலில் கேட்டது, “பின்னால் என்ன இருக்கு?” என்பதுதான். குளியலறை இல்லை, தண்ணீர்க் குழாய் ஓடவில்லை, வெளிச்சுவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அளவு எடுத்தார். சுவரில் முக்கால் அங்குல ரீப்பர் கட்டைகளை நெடுக்குவாட்டில் இரண்டடிக்கு ஒன்றாக ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். மூங்கிலை நான்கு தனித்தனிச் சட்டங்களில் பொருத்தி, அந்தச் சட்டங்களை ரீப்பரில் மாட்டினார். தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு ஆரம்பித்து, மேலே கூரைக்கு ஓர் அங்குலம் விட்டு முடித்தார். கீழே நுழையும் காற்று பின்னால் ஏறி மேலே வெளியேறும். சட்டத்துக்குச் சட்டம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளியும் விட்டார். சித்திரை வெயிலில் மூங்கில் சுருங்கும், ஐப்பசியில் உப்பும், அதற்கு இடம் வேண்டும் அல்லவா.

கீழே விட்ட நான்கு அங்குலத்துக்கு இன்னொரு பயன் இருக்கிறது. நம் பக்கம் செல், அதாவது கரையான் தொல்லை உண்டு. தரையோடு ஒட்டி மூங்கில் வைத்தால் செல் மண் பூசிக்கொண்டு பின்னால் ஏறுவது வெளியே தெரியாது. இடைவெளி விட்டால் மண்கோடு கண்ணில் படும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன்.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை மீறி, சந்திப்பு பேருந்து நிலையம் தண்ணீரில் நின்றது. எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு வந்தது. வடிந்த பிறகு பார்த்தால் கூடத்து மூங்கிலின் அடிப்பகுதி ஒன்றரை அடிக்குச் சேறு. நான் அழுதுவிட்டேன். ஆனால் ஆசாரி அண்ணாச்சி வந்து அரைமணி நேரத்தில் நான்கு சட்டங்களையும் கழற்றி மொட்டைமாடி நிழலில் சாய்த்துவிட்டார். சேற்றைக் கழுவினோம். மின்விசிறிக் காற்றில் சுவர் காய மூன்று வாரம் ஆயிற்று. வெண்கார மருந்து தண்ணீரில் கரையும் தன்மை உள்ளது, வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். அதனால் கீழ்ப்பகுதிப் பிளாச்சுகளைத் தனியே எடுத்து மறுபடியும் மருந்தில் ஊறவைத்துக் காயவைத்தோம். ஏழெட்டுப் பிளாச்சு மட்டும் வளைந்துவிட்டது, அவற்றை மாற்றினோம். பொங்கலுக்குப் பிறகு எல்லாம் பழைய இடத்தில். ஒட்டியிருந்தால் சுவரோடு சேர்த்துப் பெயர்த்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இப்போது கடைகளில் ‘பேம்பூ சார்கோல் பேனல்’ என்று நிறைய விற்கிறார்கள். பளபளவென்று பளிங்கு மாதிரியும் மரம் மாதிரியும் வரும். அது மூங்கில் கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை. தண்ணீருக்குப் பயப்படாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்கும் இயற்கை மூங்கில் அது இல்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், வெட்டு முனையைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான மூங்கிலில் நார்ப் புள்ளிகள் தெரியும், வெளித்தோல் பக்கம் நெருக்கமாக, உள்பக்கம் விலகி விலகி. இன்னொன்று, பழுப்பு நிற மூங்கிலைச் சாயம் என்று நினைக்காதீர்கள். அழுத்தத்தில் நீராவி கொடுத்து உள்ளிருக்கும் சர்க்கரையைக் கருக்கி வரும் நிறம் அது. பார்க்க அழகு, ஆனால் வெளிர் நிறத்தைவிடக் கொஞ்சம் மென்மையாக இருக்கும். குழந்தைகள் சைக்கிள் ஓட்டி இடிக்கும் சுவருக்கு வேண்டாம்.

கேரளாவில் மூங்கில் பாயைப் பிசினில் முக்கி, பல அடுக்காக வைத்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்குகிறார்கள். பாய்ப் பின்னல் அப்படியே தெரியும், பிளைவுட் போல அறுக்கலாம். படுக்கையறைக்கு எனக்கு இப்போது இதுதான் பிடிக்கிறது. உளுப்பு பயம் மிகக் குறைவு. ஊரிலேயே செய்விக்க வேண்டுமென்றால் பட்டா நிலத்து மூங்கில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மூங்கில் உண்மையில் புல் வகை. 1927ஆம் வருஷத்து வனச் சட்டம் அதை மரம் என்றே வைத்திருந்தது, 2017 திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சொந்த நிலத்தில் வளர்த்தவர்களுக்கு வெட்டி விற்பது முன்பைவிட எளிது.

எங்கே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பங்கரை வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு பின்னலுக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது. பூஜையறைப் பக்கமும் வேண்டாம். விளக்குச் சுடர் எட்டும் தூரத்தில் காய்ந்த மூங்கில் இருக்கக் கூடாது. சுவிட்ச் போர்டு உள்ள சுவரானால் போர்டைச் சுற்றி மூங்கிலை வெட்டிவிட்டு, பெட்டியை முன்னால் இழுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். வயர் இணைப்பு மூங்கிலுக்குப் பின்னால் மறைந்து கிடக்க வேண்டாம்.

மேற்குச் சுவருக்குப் போட்டால் வீடு குளிரும் என்று சிலர் சொல்வார்கள். உள்பக்கம் போடும் மெல்லிய மூங்கில் அவ்வளவு சூட்டைத் தடுக்காது. வெயில் சுவரில் விழும் முன்னே தடுக்க வேண்டும். அதற்கு வெளியே தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டித் தொங்கவிடுவதுதான் வழி, நம் தாத்தா காலத்திலேயே செய்ததுதான். ஆனால் கூடத்தில் சத்தம் எதிரொலிப்பது எங்களுக்கு நன்றாகவே குறைந்தது. டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருந்தபோது டிவி சத்தம் மோதிக்கொண்டே இருக்கும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. காய்ந்த பிரஷால் தூசி தட்டுவது, எப்போதாவது பிழிந்த துணியால் ஒருமுறை துடைப்பது. அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்போது முக்கியமானது காத்திருப்பது. புதுப் பூச்சுச் சுவருக்குள் ஏகப்பட்ட தண்ணீர் இருக்கிறது. ஒரு சித்திரை, வைகாசி முழுக்க அது காயட்டும். அதுவரை சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றினால் பத்தமடைக்கு ஒரு நடை போய் நல்ல பாய் ஒன்று வாங்கி, மேலே ஒரு கம்பு கோத்துத் தொங்கவிடுங்கள். தாமிரபரணிக் கோரையில் நெய்த பாய் அது, காற்றுப் போக வழி இருக்கும், வேண்டும்போது சுருட்டி வைக்கலாம். கோடை முடிந்ததும் ஒரு முழம் சதுரத்தில் பாலிதீன் தாளை எடுத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். காய்ந்திருந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.