மரத்துப்போன கால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 66 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. இடது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது, வியாழக்கிழமை எடுக்கப்போகிறார்கள். முழு மயக்கம் கிடையாதாம். கணுக்காலைச் சுற்றி ஊசி போட்டுப் பாதத்தை மட்டும் மரக்கவைப்பார்களாம். போன வருடம் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் கட்டாமலிருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். ‘முழிச்சிருக்கும்போதே வெட்டுவாங்களா?’ என்று மூன்று நாளாகத் தூங்கவில்லை. நரம்புப் பக்கம் ஊசி போட்டால் கால் போய்விடும் என்கிறார் சித்தப்பா. எனக்கு இன்னொரு சந்தேகம். அப்பாவுக்குப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. அப்புறம் எதற்கு மரக்கிற ஊசி? உங்கள் மாமாவின் ஆபரேஷன் பற்றி ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். புண் பொங்கலிலிருந்தே இருந்தது, சின்னதாகத்தான்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் சித்தப்பாவை ஓரமாக உட்காரவையுங்கள். எந்த வீட்டில் ஆபரேஷன் என்றாலும் அதற்கு முந்தைய வாரம் ஒரு சித்தப்பா கிளம்பிவிடுகிறார். அவர் சொல்வதில் அரைக்கால் வீசம் உண்மை இருக்கிறது. சர்க்கரையால் நைந்த நரம்புக்கு மரக்கிற மருந்து கொஞ்சம் தூக்கலாகவே வேலை செய்யும், தெளிய அதிக நேரம் பிடிக்கும். நிரந்தரச் சேதம் அபூர்வம். ஊசிக்கு முன்பே பாதத்தில் எங்கே உணர்ச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிறகு பழியை எதன் மேல் போடுவது என்ற குழப்பம் வராது. அவ்வளவுதான் சித்தப்பா.

நான் டாக்டர் இல்லை. மாமாவுக்காக ஒரு மயக்க மருந்து டாக்டரை ஒரு மணி நேரம் நச்சரித்துத் தெரிந்துகொண்டவன். அவர் சொன்ன கணக்கு இது: பாதத்துக்குப் போகிற நரம்புகள் ஐந்து. நான்கு, தொடைக்குப் பின்புறம் இறங்கும் பெரிய நரம்பின் கிளைகள். ஒன்று மட்டும் தொடையின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. ஐந்தையும் கணுக்காலருகே மடக்கினால் பாதம் மரத்துவிடும். நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேலை வைப்பதில்லை. பழைய சர்க்கரைக்காரர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும், முழு மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். முதுகில் போடலாம்தான், ஆனால் பிரஷர் சட்டென்று இறங்கும். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு அதைச் சில நாள் நிறுத்தாமல் முதுகைத் தொடமாட்டார்கள், ஸ்டென்ட் வைத்தவருக்கு நிறுத்தவும் யோசிப்பார்கள். கணுக்காலில் ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்துவிடலாம். உங்கள் டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். இதில் பாதிக் குற்றம் நம் மொழிப் பழக்கத்துடையது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். நினைவு தப்புவதையும் மயக்கம் என்கிறோம், நினைவோடு இருக்க ஒரு பாகம் மட்டும் மரப்பதையும் ‘பாதி மயக்கம்’ என்கிறோம். பாதி மயக்கம் என்றால் பாதி வலி என்றுதானே கேட்கிறவருக்குத் தோன்றும்? ‘மரத்துப்போகும்’ என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. மரம் என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சம்மணம் போட்டு எழுந்தவனுக்குக்கூடத் தெரியும் அதன் பொருள். அப்பாவிடம் மயக்கம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகுஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒரு நோயாளியின் முதுகுத்தண்டில் கோகெய்ன் செலுத்தி ஆபரேஷன் செய்தார். அந்த நோயாளி 34 வயதுத் தொழிலாளி. காசநோய் அரித்த கணுக்கால். ஆக, உடம்பின் பாதியை மரக்கவைக்கும் கலை ஒரு காலை வைத்துத்தான் தொடங்கியது. சில நாள் கழித்துப் பியரின் உதவியாளர் ஹில்டபிராண்ட் தன் முதுகையே கொடுத்தார். கணைக்கால் எலும்பில் சுத்தியலால் அடித்தார்கள், சுருட்டால் சுட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஒயின் குடித்துக் கொண்டாடிவிட்டு, பிறகு இருவரும் தலைவலியில் அவதிப்பட்டார்கள். இந்தக் கதையைச் சித்தப்பாவிடம் சொல்லவேண்டாம்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் கேள்வி. உணர்ச்சியில்லாத காலுக்கு எதற்கு ஊசி? சர்க்கரை நரம்பைத் திட்டுத் திட்டாகத்தான் தின்கிறது. தோல் தொட்டால் தெரியாது, எலும்பைத் தொட்டால் துள்ளுவார்கள். வீங்கிச் சிவந்த இடம் வேறு கதை. சீழ் கட்டிய சதையில் அமிலத்தன்மை இருப்பதால் அங்கேயே குத்தினால் மருந்து சரியாகப் பிடிக்காது. அதனால்தான் தள்ளி, கணுக்காலில். முழுக்கவே மரத்த விரலை ஊசியில்லாமல் எடுப்பதும் உண்டு.

தம்பி, நீங்கள் இதை ஒரு சந்தேகமாகக் கேட்கிறீர்கள். எனக்கு அது வயிற்றில் உதைத்தது மாதிரி இருந்தது. வியாழக்கிழமை டாக்டர் மரக்கவைப்பது சில மணி நேரத்துக்கு, மிஞ்சிப்போனால் மறுநாள் காலைவரை. அதற்குக் கடிதம் முழுக்கப் பயம். பல வருடமாக மரத்துக் கிடக்கிற காலுக்கு, கடைசியில் ஒட்டவைத்த மாதிரி ஒரு வரி. ‘பொங்கலிலிருந்தே இருந்தது, சின்னதாகத்தான்.’ சின்னதா என்று யார் பார்த்தது? உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தீர்களா, அப்பா சொன்னதைக் கேட்டு எழுதுகிறீர்களா? வலிக்காத புண்ணை அவர் எப்படி அளப்பார்?

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூரில் தொழுநோயாளிகளிடையே வேலை செய்தபோது கண்டுபிடித்தது இதைத்தான். விரல்கள் தானாக அழுகி உதிரவில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டு, வெட்டிக்கொண்டு, அந்தப் புண்ணோடேயே நடந்து தேய்த்துத் தொலைத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனவர், சர்க்கரைக்காரர்களின் பாதத்திலும் அதே புண்ணைப் பார்த்தார். இன்று சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பர் செருப்பு, நம் ஊரில் தொழுநோயாளிகளுக்காக வந்ததுதான்.

இனி மாமா கதை. முன்பு எழுதியபோது இந்தப் பகுதியை விட்டுவிட்டேன், வெட்கமாக இருந்தது.

மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம், வீட்டு வாசலில் பந்தல். மனைப்பலகையில் மாமாவும் அத்தையும். பாத பூஜை. பிள்ளைகள் தாம்பாளத்தில் காலை வைத்துப் பால் ஊற்றி, தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தடவினார்கள். நாயனக்காரர் உச்சத்தில் இருந்தார். நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டோம். துண்டால் துடைப்பதற்காக மாமாவின் மகள் வலது பாதத்தைத் தூக்கினாள். இரண்டாவது விரலுக்குக் கீழே என்னவோ ஒட்டியிருந்தது. மஞ்சள் கட்டி என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. ஆணியின் கொண்டை. பந்தல்காரர்கள் நான்கு நாள் முன்பு சிந்தியது. மாமா அதன் மேல் நின்றுகொண்டு வாழைமரம் கட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், மாடி ஏறியிருக்கிறார், இறங்கியிருக்கிறார். கழுவிய தண்ணீரில் சீழ் இருந்தது.

அந்த நான்கு நாளும் எத்தனை பேர் அந்தக் காலில் விழுந்து எழுந்திருப்போம்! ஒருத்தன் திருப்பிப் பார்க்கவில்லை. நானும்தான். அதனால் உங்களைத் திட்டுகிற அருகதை எனக்கு இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

விரலை எடுத்தார்கள். ஐந்து இடத்தில் ஊசி. மாமாவுக்குப் பச்சைத் துணி மறைப்பும், தட்டில் கத்தரிக்கோல் விழும் ‘டங்’ சத்தமும்தான் ஞாபகம். இழுப்பது தெரிந்ததாம், வலி இல்லையாம். நடுவில் ‘டாக்டர், லேசா வேர்க்குது’ என்றிருக்கிறார். பார்த்தால் சர்க்கரை 68. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். முழித்திருந்ததில் அப்படி ஒரு லாபம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வெட்டுகிற சத்தம் கேட்கவேண்டாம் என்றால் கொஞ்சம் தூக்க ஊசியும் கேட்கலாம். காதில் பாட்டு வைக்கிறார்கள் சில இடங்களில். ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி அவர் தனியாகப் பாத்ரூமுக்கு எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த காலை நம்பி ஊன்றி விழுகிறவர்கள் உண்டு.

மாமாவுக்கு மறுநாள் மதியம் மருந்து முழுக்கத் தெளிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் டாக்டர் வந்தார். ‘இப்ப வலிக்குதா?’ என்றார். ‘துளிகூட இல்ல டாக்டர்’ என்று மாமா சிரித்தார், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. டாக்டர் சிரிக்கவில்லை. அத்தையிடம் திரும்பி, ‘இனிமே நீங்கதாம்மா பாக்கணும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாமாவின் இன்னொரு காலை மடியில் வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு விரலிடுக்காக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தூங்கிவிட்டிருந்தார்.