பிரெஷ்மெர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக ருமேனியா போயிருந்தபோது பிரெஷ்மெர் கிராமத்துத் தேவாலயத்தைப் பார்த்தேன். ஜெயில் மாதிரி சுற்றுச்சுவர், அதில் துப்பாக்கித் துளைகள். அன்பைப் போதிக்கும் மதத்துக்கு இதெல்லாம் எதற்கு? மதம் என்றாலே கடைசியில் ஆயுதம்தானா? துருக்கியருக்கு எதிரான மதப்போரின் மிச்சம் இது என்றார் நண்பர். இது எந்தக் கட்டடப் பாணி? டிராகுலாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கே.

அன்புள்ள கே.,

டிராகுலாவை விட்டுவிடுங்கள். பாணி கோதிக், கூரான வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணி. எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும். கோட்டை என்றதும் அரசன், போர், மதம் என்று மட்டுமே யோசிக்கிற நம் பழக்கத்தோடு கொஞ்ச காலமாகவே மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

அந்தச் சுவரைக் கட்டியது யார் என்று விசாரித்தீர்களா? இன்றைய ருமேனியாவின் நடுவிலுள்ள டிரான்சில்வேனியா அன்று ஹங்கேரியின் கீழ் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் கேசா காலம் தொடங்கி, ஹங்கேரி அரசர்கள் அங்கே குடியேறவிட்ட ஜெர்மன் மொழிக்காரர்களின் வழிவந்தவர்கள். டிரான்சில்வேனிய சாக்சன்கள் என்பார்கள். 1224இல் ஹங்கேரி அரசர் இரண்டாம் ஆண்ட்ராஷ் முதலில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்து, பிறகு மற்றவர்களுக்கும் நீண்ட சாசனப்படி அவர்கள் அரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட சுதந்திரக் குடிகள். நடுவில் பிரபு கிடையாது. பிரபு இல்லையென்றால், ஆபத்தில் ஓடி ஒண்டிக்கொள்ள பிரபுவின் கோட்டையும் கிடையாது. 1241இல் மங்கோலியர் வந்து அந்த நாட்டையே சூறையாடினார்கள். 15ஆம் நூற்றாண்டில் துருக்கியப் படைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஊரில் உறுதியான கல் கட்டடம் என்றால் தேவாலயம்தான். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். இதில் மதத் தத்துவம் எங்கே வந்தது? ‘மதம் என்றாலே ஆயுதம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அப்புறம் எதையும் பார்க்கவே வேண்டாம். அது சிந்தனை இல்லை தம்பி, சோம்பல்.

உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். அத்தனை முற்றுகைகளைத் தாங்கிய பிரெஷ்மெர் 1611இல் விழுந்தது. பிடித்தவர் துருக்கியர் இல்லை. டிரான்சில்வேனியாவையே ஆண்டுகொண்டிருந்த காபோர் பாத்தோரி, கிறிஸ்தவர்.

வேலைக்குப் போன இடத்தில் ஒரு கிராமத்தைத் தேடிப் போகத் தோன்றியதே, அது எத்தனை பேருக்குத் தோன்றும்? அதனால்தான் உரிமையோடு கடிந்துகொள்கிறேன். துளைகளைப் பார்த்த நீங்கள் சுவரின் உள்பக்கத்தைப் பார்த்தீர்களா? 12 மீட்டர் வரை உயரமுள்ள சுவரின் உள்முகம் முழுக்க அறைகள், 270க்கும் மேல். நான்கு அடுக்கு வரை போகின்றன. குடும்பத்துக்கு ஓர் அறை, கதவில் எண்.

நான் போன அன்று நல்ல மழை. தேவாலயத்துக்குள் போகாமல் அந்த மரப்படிகளிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஓர் அறைக்குள் குனிந்துதான் நுழைய முடிந்தது. நாலைந்து பேர் படுத்தால் நிறைந்துவிடும். கதவை இழுத்துச் சாத்தினேன், இருட்டு. பழைய மரத்தின் வாசனை. ஆபத்துக் காலத்தில் குடும்பம் தங்க, மற்ற நாட்களில் தானியமும் உணவும் வைக்க என்று கட்டிய அறை. பிள்ளைகளுக்கு உள்ளேயே ஒரு பள்ளிக்கூட அறையும் உண்டு.

படை வந்து வீட்டைக் கொளுத்திவிட்டுப் போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் காடு இருக்கிறது. விதைத் தானியம் போனால்? அடுத்த வருஷ வெள்ளாமையும் சேர்ந்து போய்விடும். வாளுக்குத் தப்பியவர்களைப் பசி கொண்டுபோகும். உழுகிறவனுக்கு இது தெரியும். அந்தச் சுவர் ஏன் அத்தனை பருமன் என்று கேட்டால் நான் அந்த அறைகளைத்தான் காட்டுவேன். பீரங்கியைக் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதே மாதிரி கோட்டைத் தேவாலயம் உள்ள பியெர்தான் என்ற ஊருக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் விவாகரத்து கேட்ட தம்பதியை அடைத்துவைத்த அறையைப் பற்றியே பேசுகிறார்கள். வலேயா வீலோர் என்ற இன்னொரு ஊரில் பலிபீடத்தை ஒட்டிய பகுதியிலேயே, தேவாலயத்துக்குள், கிணறு இருக்கிறது. முற்றுகையில் தண்ணீருக்கு என்ன செய்வது என்று அந்த ஊர்க்காரர்கள் கூடிப் பேசியிருப்பார்கள் இல்லையா? அந்தப் பேச்சு எனக்கு வேண்டும். எந்தப் போர்க் கதையையும்விட அது பெரிது.

அந்த சாக்சன்கள் இப்போது அங்கே அனேகமாக இல்லை. 1945 ஜனவரியில் பல்லாயிரம் பேரைச் சோவியத் வேலை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ருமேனியாவின் கம்யூனிஸ்ட் அதிபர் சௌசெஸ்குவின் அரசு தலைக்கு இவ்வளவு என்று மேற்கு ஜெர்மனியிடம் பணம் வாங்கிக்கொண்டு வெளியே விட்டது. 1989க்குப் பின் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். பல ஊர்களில் கூரை ஓடுகளை மாற்றக்கூட ஆளில்லை. 2016இல் ரோட்பாவ் என்ற சாக்சன் கிராமத்துத் தேவாலயத்தின் கோபுரம் இடிந்தே விழுந்தது. நீங்கள் வருத்தப்பட வேண்டிய விஷயம் இது.

அடுத்த முறை போனால் தர்ஜியு என்ற கிராமத்துக்குப் போங்கள், அங்கேயும் கோட்டைத் தேவாலயம் உண்டு. அங்கே இருப்பவர்கள் ஹங்கேரி மொழி பேசும் செக்லர்கள். கோட்டைச் சுவருக்குள் தானியமும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வைக்கிற வழக்கத்தை அவர்கள் விடவில்லை. சாவி யார் கையில், எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம், எந்தக் கிழமை திறக்கிறார்கள் என்று கேட்டு எனக்கு விரிவாக எழுதுங்கள். துப்பாக்கித் துளைகளின் படம் வேண்டாம்.