மொனிட்டர் விலை இன்னும் இறங்குமா, இப்பவே வாங்கலாமா?

"மொனிட்டர் விலை ஏன் வருசா வருசம் இறங்குது? இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்தால் இன்னும் மலிவா வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் கணினி திருத்துவதும் விற்பதும்தான் என் தொழில். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். பொறுக்க வேண்டாம், தேவை இருந்தால் இப்போதே வாங்குங்கள் என்பதுதான் என் பதில். காரணம் கொஞ்சம் நீளம்.

1999இல் அப்பிள் நிறுவனம் 22 அங்குலத் தட்டை மொனிட்டர் ஒன்றை வெளியிட்டது. விலை 3,999 அமெரிக்க டொலர். இன்று அதே அளவில், அதைவிடத் துல்லியமான படம் தருகிற சாதாரண மொனிட்டரை அமெரிக்காவில் 100 டொலர் அளவில் வாங்கலாம். 4கே என்கிற, புள்ளிகள் மிக நெருக்கமான திரை வந்தபோதும் இதே கதைதான். 2013இல் அசுஸின் 31.5 அங்குல 4கே 3,499 டொலர். அடுத்த வருடத் தொடக்கத்திலேயே டெல் 28 அங்குலத்தை 699 டொலருக்கு விட்டது. ஆனால் அது டிஎன் பெனல், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறுகிற மலிவான திரை வகை. 4கேயில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடாது, அதாவது படம் செக்கனுக்கு 30 தடவைதான் மாறும்; மவுஸை அசைத்தால் அம்பு பின்னால் இழுபட்டு வரும். விலை திடீரென்று விழும்போது எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பழைய பெட்டி மொனிட்டர் இப்படி மலியவே இல்லை. அதன் விலை அதன் பாரத்தில் இருந்தது. உள்ளே காற்றில்லாத பிக்சர் டியூப், வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கத் தடித்த கண்ணாடி, எக்ஸ் கதிரை மறிக்க அந்தக் கண்ணாடியில் ஈயம், கழுத்தில் செம்புக் கம்பிச் சுருள். திரை பெரிதானால் கண்ணாடியும் தடிக்க வேண்டும், பின்பக்கமும் நீள வேண்டும். 17 அங்குலப் பெட்டி ஒன்று பதினைந்து கிலோவுக்கு மேல் வரும். கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகப் பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் அதற்கே ஒரு சீட் வேண்டும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றிய பாடு தனி. ஒரு பெட்டி போகும் இடத்தில் தட்டை மொனிட்டர்கள் பல போகும். கப்பல் கொன்டெய்னரிலும் அதே கணக்குத்தான். விலை இறக்கத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் முக்கிய காரணம் கண்ணாடித் தகடு. தட்டை மொனிட்டரின் திரையான எல்சிடி பெனலை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் பல பெனல்களை ஒரே தடவையில் பதித்து, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். தையல்காரர் பெரிய துணியை விரித்து, துண்டு வீணாகாமல் பல சட்டைக்கு வெட்டுகிற மாதிரி. தகட்டின் அளவைத் தலைமுறைக் கணக்கில் சொல்வார்கள். மூன்றாம் தலைமுறைத் தகடு ஏறத்தாழ 550க்கு 650 மில்லிமீற்றர். அதில் 17 அங்குலப் பெனல் இரண்டுதான் வரும். ஐந்தாம் தலைமுறையில் 1100க்கு 1300; பன்னிரண்டு வரும். 8.5 ஆம் தலைமுறை 2200க்கு 2500. 22 அங்குலப் பெனலே முப்பதுக்கு மேல் வெட்டலாம். தகடு பெருத்ததற்குத் தக்கபடி வேலை நேரமும் ஆள்பலமும் பெருகவில்லை. அதனால் ஒரு பெனலுக்கு விழும் செலவு வருடா வருடம் குறைந்தது.

அதோடு கழிவும் குறைந்தது. சாதாரண ஃபுல் எச்டி திரையில் இருபது இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. மொத்தம் அறுபத்திரண்டு இலட்சம் சின்ன டிரான்சிஸ்டர்கள். தொழிற்சாலையில் ஒரு தூசி விழுந்தால் ஒரு பெனல் போச்சு. ஆரம்பத்தில் செய்ததில் பெரும் பங்கு குப்பைக்குப் போனது. அந்த நட்டத்தையும் நல்ல பெனலின் விலையில்தான் ஏற்றினார்கள்.

போட்டியையும் சொல்ல வேண்டும். முதலில் ஜப்பான், பிறகு கொரியா, பிறகு தாய்வான், கடைசியில் சீனா என்று ஒருவரை ஒருவர் மேவித் தொழிற்சாலை கட்டினார்கள். சீனாவின் பிஓஈ கம்பனி 2003இல் கொரிய ஹியுண்டாயின் எல்சிடி பிரிவை வாங்கித் தொழிலைப் படித்தது. பிறகு ஹெஃபெய் நகர அரசு அதில் பெரும் முதல் போட்டது. இன்று 10.5 ஆம் தலைமுறைத் தகடு அங்கே ஓடுகிறது. போட்டி தாங்காமல் சாம்சங் 2022இல் எல்சிடி பெனல் செய்வதையே நிறுத்திவிட்டது. இந்த இறக்கத்தைக் கம்பனிகள் சந்தோசமாகத் தரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2001 முதல் 2006 வரை பெரிய பெனல் கம்பனிகள் தாய்வான் ஹோட்டல்களில் இரகசியமாகக் கூடி, விலையை இதற்குக் கீழே விடுவதில்லை என்று பேசி வைத்தன. 2008இல் எல்ஜி, ஷார்ப், சுங்வா மூன்றும் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மொத்தம் 58.5 கோடி டொலர் தண்டம் கட்டின. 2012இல் தாய்வானின் ஏயு ஒப்ட்ரோனிக்ஸ் கம்பனிக்கு 50 கோடி. அந்த வருடங்களில் மொனிட்டர் வாங்கிய எல்லாருடைய பொக்கெட்டிலிருந்தும் போன காசு அது.

இனி நம்முடைய விசயம். மேலே சொன்னதெல்லாம் டொலரில் நடந்தது. நாம் வாங்குவது ரூபாவில். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் என்னிடம் கேட்டார்:

"தம்பி, இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா விலை இறங்கும்தானே?"

"டொலர்ல இறங்கினாலும் இறங்கும், நானா. ரூபாவில என்னால சொல்ல ஏலாது."

2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360 வரை போய்விட்டது. அதே வருடம் உலகச் சந்தையில் பெனல் விலை விழுந்துகொண்டிருந்தது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்று எல்லாரும் வாங்கி ஏறிய விலை திரும்ப இறங்கிய நேரம் அது. வெளிநாட்டுக்காரனுக்கு மலிவு, நமக்கோ ஒன்றரை மடங்குக்கு மேல். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 வீதம். பொறுத்திருந்து இலாபம் எடுப்பது நம் கையில் இல்லாத காரியம்.

இன்னொன்று, சின்ன மொனிட்டர் ஒரு எல்லைக்குக் கீழே மலியாது. பெனல் மலிந்தாலும் பவர் போர்ட், பிளாஸ்டிக் உறை, கார்ட்போட் பெட்டி, கப்பல் கூலி, வொரன்டி எல்லாம் அப்படியே இருக்கும். அதனால் விலை இறக்கம் நமக்கு வேறு உருவில் வருகிறது: 19 அங்குலம் வாங்கிய காசுக்கு 22, 22 வாங்கிய காசுக்கு 24. டிஎன் கிடைத்த விலைக்கு, பக்கத்தில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ். பிள்ளைகள் மூன்று பேர் ஒரே திரையைச் சுற்றியிருந்து பாடம் பார்க்கிற வீடுகளுக்கு ஐபிஎஸ் பெரிய உதவி. டிஎன்னில் ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கு எழுத்தே வெளிறிப் போகும்.

வீட்டில் இன்னும் பெட்டி மொனிட்டர் ஓடுகிறதென்றால் கரண்ட் பில்லையும் பாருங்கள். அது 80 வொட் அளவில் இழுக்கும்; 22 அங்குல எல்ஈடி தட்டை மொனிட்டர் 20 வொட் அளவு. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 14 யூனிட் மிச்சம். நம் கட்டண முறையில் 60, 90 என்று யூனிட் படி ஏற ஏற விலையும் ஏறும் என்பதால், அந்த 14 யூனிட் உங்களைக் கீழ்ப்படிக்கு இறக்கிவிடக் கூடும். 2022இல் மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன நாளில், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பெட்டரியான யூபிஎஸ் ஒரே அளவாக இருந்தும் யார் வேலையை முடித்து சேவ் பண்ணினார்கள், யாருக்கு முதலே அணைந்தது என்பதற்கும் இந்த வொட் கணக்குத்தான் காரணம்.

திருகோணமலையில் இருந்துகொண்டு உப்புக் காற்றை மறக்க முடியாது. உப்புவெளி, நிலாவெளி, மூதூர்க் கரைப் பக்கத்திலிருந்து வரும் மொனிட்டரைக் கழற்றினால், பவர் போர்டில் ஈயப் பற்றுகளைச் சுற்றிப் பச்சைப் பொருக்கு, ஸ்க்ரூ தலையில் துரு, கெபாசிட்டர் என்கிற சின்ன உருளையின் மேல்பக்கம் உப்பிப் போயிருக்கும். பெனல் பெரும்பாலும் நல்லாகவே இருக்கும். இதைத் திருத்தப் பெரிய செலவில்லை. தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க ஓடாதீர்கள். பெனலே வெடித்திருந்தால் மட்டும் திருத்துவதில் அர்த்தமில்லை, புதிய மொனிட்டரின் விலைக்குக் கிட்டப் போய்விடும். கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்காமல், வேலை முடிந்து சூடு ஆறியபின் ஒரு துணியால் மூடி வைத்தாலே ஆயுள் கூடும்.

ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒளிர்கிற ஓஎல்ஈடி மொனிட்டரும் மலிந்து வருகிறது. கறுப்பு உண்மையான கறுப்பாகத் தெரியும், அழகுதான். ஆனால் நாள் முழுக்க எக்செல் தாளும் கீழே அதே டாஸ்க் பாரும் நிற்கிற அலுவலக வேலைக்கு அதை இப்போது நான் சொல்ல மாட்டேன். அசையாத படம் திரையில் தழும்பாகப் பதியும். அந்தக் காசுக்கு நல்ல 27 அங்குல ஐபிஎஸ் எடுங்கள்.

காசு இறுக்கமென்றால் பாவித்த மொனிட்டர் எடுப்பதில் பிழையில்லை. கடையிலேயே முழு வெள்ளைப் படம் ஒன்றும் முழுக் கறுப்புப் படம் ஒன்றும் போட்டுப் பாருங்கள். செத்த புள்ளியும் மஞ்சள் ஓரமும் அப்போது தெரியும். ஏற்கனவே சூடேறியிருக்கிற மொனிட்டரைப் பார்த்து ஏமாறாமல், குளிராக இருக்கும்போதே உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். கெபாசிட்டர் களைத்த மொனிட்டர் பெரும்பாலும் குளிரில் போட்டவுடன் மினுங்கி, சூடேறிய பிறகு ஒழுங்காக நிற்கும். எச்டிஎம்ஐ வாய் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், புதிய மெஷின்கள் பலவற்றில் பழைய விஜிஏ கேபிள் வாய் இல்லை.