மே கடைசியில் எந்தக் கடல்?

கேள்வி: நாங்கள் கரூரில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவர், ஐந்து வயதும் ஒன்பது வயதும். மாமியாரும் கூட வருவார். வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி உண்டு. பள்ளி திறப்பதற்குள், மே கடைசி வாரத்தில் நான்கு நாள் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்வர ஆசை. வீட்டுக்காரர் கோவா என்கிறார், நாத்தனார் வர்க்கலா என்கிறார், எனக்குக் கன்னியாகுமரியே போதும் என்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், தண்ணீரில் இறங்க வேண்டும். எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்: மூன்றும் நல்ல ஊர்கள்தான். ஆனால் நீங்கள் சொல்லும் வாரத்துக்கு மூன்றுமே ஒத்துவராது. இதே கேள்வியை ஜனவரியில் கேட்டிருந்தால் கோவாவையோ வர்க்கலாவையோ யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் ஊரின் பேரைப் பார்க்கிறார்கள், ஓட்டலின் படத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, போகிற வாரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை. மே கடைசியில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய வழக்கமான தேதி ஜூன் 1. அது ஒரு சராசரிதான். 2025-ல் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. மழைக்கு முன்னாலேயே கடல் மாறத் தொடங்கும். அரபிக்கடலைப் பார்த்திருக்கும் கோவா, கோகர்ணா, வர்க்கலா, கோவளம் எல்லாமே அந்தக் காற்றை நேருக்கு நேர் வாங்கும் கரைகள். கோவாவில் கடலோர உணவுக் குடில்களைக் கழற்றும் வேலையே மே இறுதியில்தான் நடக்கும். கரையில் காவலர்கள் இருப்பார்கள், ஆனால் பெரும்பாலான நேரம் சிவப்புக் கொடியைக் காட்டித் திருப்பி அனுப்பத்தான். அந்த மாதங்களில் அறை வாடகை இறங்குவதற்குக் காரணமும் அதுதான். மழையை ரசிக்கப் போகிற ஜோடிகளுக்கு அது சரி. ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்க் கடலைக் கண்ணாடி வழியாகக் காட்டிவிட்டு வருவது வீண் செலவு.

கன்னியாகுமரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2024 மே 6-ஆம் தேதி, அந்த மாவட்டத்தில் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்துபோனார்கள். அன்று புயல் இல்லை, மழை இல்லை. வெயில் அடித்த ஒரு சாதாரண காலைதான். வந்தது கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பெருங்காற்றில் பிறக்கும் அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வரும். ஏப்ரலும் மேயும் இதற்குப் பேர்போன மாதங்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ் என்பார்கள்) அப்போதும் எச்சரிக்கை கொடுத்திருந்தது.

அதனால் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே இன்காய்ஸ் தளத்தைப் பாருங்கள். அங்கே அலையின் உயரத்தோடு ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரத்தையும் நொடிக்கணக்கில் கொடுத்திருப்பார்கள். பலர் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மீட்டர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆறேழு நொடிக்கு ஒரு முறை வரும் ஒரு மீட்டர் அலை உள்ளூர்க் காற்று கிளப்பியது. சளசளவென்று அடித்துவிட்டுப் போய்விடும். அதே ஒரு மீட்டர் பதினாறு, பதினெட்டு நொடிக்கு ஒரு முறை வருகிறது என்றால் அது தூரத்திலிருந்து வரும் கனத்த அலை. கரையில் ஏறும்போது உயர்ந்து, காலை வாரி, பாறையில் நிற்கிறவரையும் கீழே இழுத்துவிடும். அப்படி ஒரு நாள் அமைந்தால் கடலில் கால் நனைக்கவும் வேண்டாம்.

கன்னியாகுமரிக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அங்கே சூரியோதயம், விவேகானந்தர் பாறை, அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. குளிக்க அது தோதான ஊர் இல்லை, அவ்வளவுதான். கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகையும் நிறுத்திவிடுவார்கள். மே கடைசியில் அதற்கும் வாய்ப்பு அதிகம்.

சரி, அப்படியானால் எங்கே போவது? கிழக்கு பார்த்த கரைக்கு. தென்மேற்குக் காற்றுக்கு மொத்த நிலமும் குறுக்கே நிற்பதால் நம் கிழக்குக் கரையில் அந்த நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் வங்காள விரிகுடாவில் மே என்பது புயல் மாதமும்கூட. 2020-ல் ஆம்பன், 2021-ல் யாஸ், 2024-ல் ரீமால் என்று மே இரண்டாம் பாதியில் வந்தவை எல்லாம் வடக்கே போய்விட்டன என்றாலும், அவை கிளப்பும் அலை நம் கரை வரை வரக்கூடும். எனவே பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி பாதுகாப்பான இடம் வேண்டும். அது பாக் விரிகுடா.

என் பரிந்துரை ராமேசுவரம் பக்கம். அதிலும் குளிக்க அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில், உச்சிப்புளிப் பக்கம் வடக்கே பிரிந்து போக வேண்டும். பாக் விரிகுடாவுக்கு ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் இலங்கை, தெற்கே ராமேசுவரம் தீவும் மணல் திட்டுகளும். பெரிய அலை உள்ளே வர வழியில்லை. ஆழமும் பெரும்பாலான இடங்களில் 13 மீட்டருக்கும் குறைவு. ராமேசுவரத்து மீனவர்கள் வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது காரணம் இல்லாமல் இல்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கடல் துள்ளும், வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அப்படியே தலைகீழ். ஒரே ஊரில் இரண்டு கடல், வருடத்தின் பாதிக்கு ஒன்று.

அரியமானில் எதிர்பார்க்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். கோவா படங்களில் வரும் நீலமும் வெண்ணுரையும் இங்கே கிடையாது. தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கடற்புல் பிய்ந்து வந்து கரையில் பழுப்புப் பட்டையாக ஒதுங்கியிருக்கும். காலில் படும்போது ஒன்பது வயதுப் பிள்ளை முகம் சுளிக்கலாம். அலையே இல்லையே என்று சலித்துக்கொள்ளவும் கூடும். ஆனால் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது என்பது உங்கள் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தேவையான ஒன்று. கரையை ஒட்டியே சவுக்குத் தோப்பு இருக்கிறது. மாமியார் மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப்போய் நிழலில் போட்டுவிட்டால் அவர் அங்கிருந்தே பேரப்பிள்ளைகளைக் கண்காணிப்பார். (வீட்டில் யாராவது ஒருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்த வேலைக்குப் பாட்டியை விடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள், இன்னொரு பெரியவரும் இருந்தாக வேண்டும்.)

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும். சொறி என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. கடல் நீரிலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தொடாமல் எடுத்துவிட்டு, பிறகு சூடு பொறுக்கும் அளவு வெந்நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தனுஷ்கோடிக்கும் பிள்ளைகள் போக ஆசைப்படுவார்கள், போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது. இரண்டு கடலும் சேரும் முனை அது, நீரோட்டம் மோசம். மாலையில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்வருவது நல்லது.

கரூர் பரமத்தி வெயிலைப் பார்த்தவர்களுக்குத் தீவின் சூடு பெரிதாகத் தெரியாது. ஆனால் ஈரக்காற்றில் வியர்வை காயாது, அதுதான் அயர்த்தும். காலை ஆறிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரைக்கு மேல் என்று கடலை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் மணல் சுடும், செருப்பில்லாமல் பத்தடி வைக்க முடியாது. அந்த நேரத்துக்கு அறை, சாப்பாடு, தூக்கம்.

மீன் சாப்பிடலாம் என்ற ஆசையோடு போனால் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப் படகில் வருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். ஓட்டலில் உட்காரும்போது இது இன்று வந்த மீனா, ஐஸ் மீனா என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

ராமேசுவரம் ஏற்கெனவே பார்த்தாயிற்று, வேறு சொல்லுங்கள் என்றால் இரண்டாவது இடம் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் (கேரளத்துக் கோவளம் இல்லை). 2021-ல் நீலக் கொடி (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) கிடைத்த கடற்கரை அது. குளிக்க எல்லை குறித்த பகுதி, உயிர்காக்கும் காவலர், குளியலறை, உடை மாற்ற இடம் எல்லாம் இருந்தால்தான் அந்தக் கொடியைக் கொடுப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதால் இந்த ஆண்டும் கொடி பறக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அலை உண்டு, எனவே சின்னப் பிள்ளையின் கையை விடக் கூடாது, எல்லையைத் தாண்டக் கூடாது. புதுச்சேரியை நினைத்தால், நகரத்துக் கடற்கரைச் சாலையில் பெரும்பாலும் கருங்கல் கொட்டிய சுவர்தான். அது உலாவுவதற்கு. குளிக்க அந்தக் கரையை நம்பி அறை எடுக்காதீர்கள்.

பாஸ்போர்ட் இருந்து, நான்கு நாளை ஆறேழு நாளாக நீட்ட முடிந்தால், என் மனம் திருகோணமலைக்குத்தான் போகும். இலங்கையின் கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். நிலாவெளியும் உப்புவெளியும் அப்போதுதான் அழகு. இன்னும் தெற்கே மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் ஆழமே இல்லை; கோவா கேட்கும் உங்கள் வீட்டுக்காரருக்கு நீலத் தண்ணீரும் கிடைத்துவிடும். மாமியாருக்குக் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும். பேச்சுக்குத் தமிழே போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கொழும்பு வழிப் பயணத்திட்டம் விற்கிறவர்கள் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ என்று அடுக்குவார்கள். அவை தென்மேற்குக் கரை. மே கடைசியில் கோவாவின் கதைதான் அங்கேயும்.

எந்த ஊராக இருந்தாலும் கரையில் போய் நின்றதும் ஐந்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். வரிசையாக வெள்ளை நுரை உடையும்போது நடுவில் ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் இருண்ட நிறத்தில், அமைதியாகத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் பிள்ளையை அங்கேதான் இறக்குவார்கள். கரையில் ஏறிய தண்ணீர் முழுவதும் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் தடுப்பு) ஓரத்திலும் முகத்துவாரத்தின் அருகிலும் இது அடிக்கடி இருக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடலாம்.

அறை பதிவு செய்யும்போது "கடல் தெரியுமா" என்று கேட்காமல், "ஓட்டல் எதிரில் மணலா, கல்லா? இந்த வாரம் அங்கே குளிக்கிறார்களா?" என்று கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். முடிந்தால் காவலாளியிடமோ பக்கத்து டீக்கடையிலோ விசாரியுங்கள். தரைத்தளத்து அறையோ லிஃப்டோ மாமியாருக்குக் கட்டாயம் வேண்டும். அப்புறம், தேதி முடிவு செய்யுமுன் காலண்டரில் அமாவாசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ராமேசுவரத்தில் தர்ப்பணக் கூட்டம் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க விடாது, அறை வாடகையும் ஏறியிருக்கும். அமாவாசைக்கு முதல் நாளும் அன்றும் விலக்கிவிட்டு, வார நாட்களாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.