பழைய பெயிண்ட சுரண்டாதீங்க: பழைய சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: தாத்தா ஓட்டின ராலே (இங்கிலாந்து கம்பெனி) சைக்கிள் கைக்கு வந்திருக்கு சார். கம்பி பிரேக் (கேபிள் இல்லாம இரும்புக் கம்பியால இழுக்குற ராட் பிரேக்), முழு செயின் கவர் எல்லாம் இருக்கு, ஆனா பெயிண்ட் பாதி போயிடுச்சு, அங்கங்க துரு. மொத்தமா சுரண்டி பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடிய தூவி சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கறது) கொடுத்துட்டா புதுசு மாதிரி ஆயிடும்ங்கறாங்க. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். புதுசு மாதிரி ஆகும்ங்கறது உண்மைதான், ஆனா அப்புறம் அது உங்க தாத்தா ஓட்டின வண்டியா இருக்காது. அந்தக் காலத்து ஃப்ரேம்ல கறுப்பு எனாமலுக்கு மேல தங்கக் கோடு போட்டிருப்பாங்க பாருங்க, அதெல்லாம் பிரஷ்ஷால கையாலயே இழுத்தது, ஒருதடவ போச்சுன்னா போனதுதான். பவுடர் கோட்டிங் தடியா உக்காரும், லக் (ஃப்ரேம் குழாய்கள் சேர்ற எடத்துல இருக்குற உறை) ஓரத்துல இருக்குற கூர்மையெல்லாம் மழுங்கிடும், ஃப்ரேம் நம்பர் கூட படிக்க முடியாம மூடிக்கும். சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணல வேகமா பீச்சி பெயிண்ட எடுக்கறது, அத பண்றேன்னு சொல்றவங்ககிட்ட கொடுத்தா இன்னும் மோசம், மெல்லிசான மட்கார்டு தகடு நெளிஞ்சு வரும்.

முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு மெத்துன்னு துணியால தொடச்சுப் பாருங்க. பல வருஷத்து கிரீஸும் தூசியும் சேந்து ஒரு கறுப்புத் தோல் மாதிரி ஒட்டியிருக்கும், அது போனதும் கீழ கோடும் எழுத்தும் தெரிய ஆரம்பிக்கும், நிறைய பேர் பெயிண்டே போயிடுச்சுன்னு நெனச்சு சுரண்டுறது இந்த அழுக்கப் பாத்துதான். துரு பிடிச்ச எடத்துல மட்டும் எண்ணெய் தடவி பித்தள நூல் பஞ்சால மெதுவா தேய்ங்க, முடிஞ்சதும் மெழுகு பூசிடுங்க, துரு அதோட நிக்கும். குரோம் ஹேண்டில்பார்ல புள்ளிபுள்ளியா துரு இருந்தா அலுமினியம் ஃபாயில தண்ணியில நனைச்சுத் தேய்ச்சாலே போதும். ரொம்ப முத்தின துருவுள்ள சின்ன பாகங்கள ஆக்ஸாலிக் ஆசிட்ல ஊற வைக்கலாம், பத்து லிட்டர் தண்ணிக்கு அஞ்சாறு டேபிள்ஸ்பூன் போட்டா தாராளம். ஆனா அது விஷம், கிளவுஸ் கட்டாயம், அந்தப் பொடிய மூச்சுல இழுத்துடக் கூடாது, வெளிய எடுத்ததும் சோடா உப்பு கலந்த தண்ணியில அலசி உடனே காய வச்சு எண்ணெய் போடணும். லெதர் சீட்டு பக்கமே கொண்டு போகாதீங்க.

ஏற்கனவே யாரோ மேல மட்டமா பெயிண்ட் அடிச்சிருந்தாங்கன்னா அது வேற கதை, அப்பக்கூட ஒரு ஓரத்துல மெதுவா எடுத்துப் பாத்துட்டு, அடியில ஒரிஜினல் இல்லன்னு உறுதியானா மட்டும் புது பெயிண்ட் பத்தி யோசிங்க.

கேள்வி: என்கிட்ட இருக்குற சைக்கிள் 1920ல வந்ததுன்னு சொல்லி வித்தாங்க. எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: பின் வீல் ஹப்ப (வீலோட நடு உருளைய) தொடச்சுப் பாருங்க. ஸ்டர்மி ஆர்ச்சர்ங்கற இங்கிலாந்து கம்பெனியோட மூணு ஸ்பீடு கியர் ஹப்பா இருந்தா அதோட வெளிக்கூட்டு மேலயே மாடல் எழுத்தோட நம்பரும் அடிச்சிருக்கும், ‘ஏ டபிள்யூ’ன்னு போட்டு 54, 8ன்னு இருந்தா 1954 ஆகஸ்ட்ல செஞ்ச ஹப். ஏ டபிள்யூ மாடலே 1936லதான் வந்துச்சு, அதனால அந்த எழுத்து இருக்குற வண்டிய 1920ன்னு யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயம், வீல யாராவது மாத்தியிருக்கலாம், அதனால ஹப்ப மட்டும் நம்பாம மத்ததையும் சேத்துப் பாக்கணும். ஃப்ரேம் நம்பர் உதவும், ஆனா ராலேல நம்பர் ஒரே வரிசையா போகாது, அத மட்டும் வச்சு வருஷம் சொல்லிட முடியாது.

பளபளப்பையும் கவனிங்க. 1930 வாக்குலதான் சைக்கிள்ல குரோம் முலாம் பரவலா வந்துச்சு, அதுக்கு முன்னாடி நிக்கல். நிக்கல்ல லேசா மஞ்சள் ஓடும், குரோம்ல நீலம் ஓடும். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இங்கிலாந்துல வந்த வண்டிகள்ல குரோமுக்குப் பதிலா கறுப்பு பெயிண்டே அடிச்சிருப்பாங்க, அத பாத்துட்டு பின்னாடி அடிச்சதுன்னு நெனச்சு சுரண்டினவங்க உண்டு, மனசு வலிக்கும்.

கேள்வி: காட்டர்பின் (கிராங்க அச்சோட இறுக்கிப் பிடிக்கிற ஆப்பு மாதிரி பின்) வரவே மாட்டேங்குது. சுத்தியால அடிச்சு பின் தலை நசுங்கிடுச்சு.

பதில்: இனிமே அடிக்காதீங்க. மண்ணெண்ணெயோ துரு இளக்குற எண்ணெயோ விட்டு ரெண்டு மூணு நாள் விடுங்க. காட்டர்பின் எடுக்கறதுக்குன்னே பிரஸ் மாதிரி ஒரு டூல் இருக்கு, அதுதான் சரி. அது கிடைக்கலன்னா கிராங்குக்கு அடியில ஒரு இரும்புக் குழாய தரையில ஊனி முட்டுக் கொடுங்க, காட்டர்பின் அந்தக் குழாய்க்குள்ள இறங்கற மாதிரி, அப்புறம் ஒரே ஒரு நல்ல அடி. முட்டு இல்லாம அடிச்சா அந்த வேகம் முழுக்க கிராங்கு அச்சு சுத்துற பேரிங் பால்ஸ்லயும் அது உக்கார்ற கப்லயும்தான் போய் இறங்கும், அங்க குழி விழுந்துடும். தலை நசுங்கின காட்டர்பின்ன டிரில் போட்டுத்தான் எடுக்கணும், பொறுமையா நடுவுலயே போடுங்க.

அப்படியே இன்னொண்ணும் சொல்லிடறேன், இடது பெடலும், இங்கிலீஷ் வண்டிகள்ல செயின் பக்கத்து பிபி (பாட்டம் பிராக்கெட், கிராங்கு அச்சு சுத்துற எடம்) கப்பும் தலைகீழ் மரை. வழக்கமா திருப்புற பக்கமே திருப்பினா இன்னும் இறுகும். பிபில பக்கத்துக்கு கால் இஞ்ச் பால்ஸ் 11, கியர் இல்லாத பின் ஹப்ல பக்கத்துக்கு 9. பால்ஸ எப்பவும் மொத்தமா புதுசா மாத்துங்க, பழசும் புதுசும் கலந்து போடாதீங்க.

கேள்வி: புரூக்ஸ் லெதர் சீட்டு காஞ்சு விறைச்சுப் போச்சு. எண்ணெயில ஊற வைக்கலாமா?

பதில்: கூடாது. ஊறின லெதர் தொய்ஞ்சு தொட்டில் மாதிரி ஆயிடும், அப்புறம் நிமிராது. லெதருக்குன்னு இருக்குற மெழுகு அடிப்பக்கமும் மேலயும் மெல்லிசா தடவி, ஒரு நாள் விட்டு துடைங்க. முன்னாடி இருக்குற போல்ட்ட முறுக்குறது கடைசி வழி, அதுவும் கால் சுத்துக்கு மேல வேண்டாம், காஞ்ச லெதர் ரிவெட் பக்கத்துல கிழிஞ்சுடும்.

கேள்வி: சேகரிக்க ஆரம்பிக்கணும்னு ஆசை. முன்னாடி பெரிய வீலும் பின்னாடி குட்டி வீலும் இருக்குற பென்னி ஃபார்த்திங்லேந்தே ஆரம்பிக்கலாமா?

பதில்: முதல்ல வேண்டாம்னுதான் சொல்வேன். அது 1870, 80கள்ல ஓடின வண்டி. 1885ல ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சேஃப்டிய (பின் வீல செயின் ஓட்டுற, இப்ப இருக்குற மாதிரி சைக்கிள்) கொண்டு வந்தாரு, 1888ல டன்லப்போட காத்தடிச்ச டயர் வந்துச்சு, அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. அசல் கிடைக்கறதே கஷ்டம், பின்னாடி செஞ்ச நகல்கள் நிறைய சுத்துது. ஒரு சாதாரண கம்பி பிரேக் ரோட்ஸ்டர (தினசரி ஓட்டுற கனமான சைக்கிள்) வாங்கி கடைசி பால்ஸ் வரைக்கும் கழட்டி மாட்டிப் பாருங்க, அப்புறம் எந்த பழைய வண்டி முன்னாடி நின்னாலும் எது மாறியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: 28 இஞ்ச் ரிம்முக்கு 700சி (இப்போதைய சைக்கிள்கள்ல வர்ற ஒரு அளவு) டயர் போடலாமா?

பதில்: உக்காராது. கம்பி பிரேக் வண்டியோட 28 x 1½ ரிம்முக்கு டயர் உக்கார்ற விட்டம் 635 மில்லிமீட்டர், 700சிக்கு 622. டயர் பக்கவாட்டுல 635ன்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.