விஎம் எக்சிட்டுக்குப் பிறகு கெஸ்ட்டின் எக்ஸ்எம்எம் மதிப்புகள் மாறுவது

தசம எண் கணக்குக்குப் பயன்படும் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களை விஎம்சிஎஸ் (கெஸ்ட், அதாவது மெய்நிகர் கணினியின் நிலையை ப்ராசசர் எழுதிவைக்கும் பகுதி) சேமிக்காது. சிபியுஐடி கட்டளையால் வரும் எக்சிட் (கட்டுப்பாடு கெஸ்ட்டிலிருந்து அதை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கு வருவது) முடிந்ததும் கெஸ்ட்டில் தசமக் கணக்கு மட்டும் தப்பாக வருகிறது, ஆர்ஏஎக்ஸ் முதல் ஆர்15 வரையான பொது ரெஜிஸ்டர்கள் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். காரணம் இதுதான். இன்டெல்லின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ் தானாகப் பார்த்துக்கொள்வது ஆர்ஐபி, ஆர்எஸ்பி, ஆர்ஃபிளாக்ஸ், செக்மென்ட்டுகள், சிஆர்0, சிஆர்3, சிஆர்4 போன்றவற்றை. மற்றதெல்லாம் நம் தலையில், சிஆர்2 உட்பட.

எக்சிட்டைக் கவனிக்கும் ஹேண்ட்லரில் எஸ்எஸ்இ (எக்ஸ்எம்எம்மைப் பயன்படுத்தும் கட்டளைகள்) எதையும் நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் கம்பைலர் சும்மா இருக்காது. ஒரு ஸ்ட்ரக்டை நகலெடுக்கும் சாதாரண வரிக்கே எக்ஸ்எம்எம்0-ஐ எடுத்துக்கொள்ளும்.

உறுதி செய்ய, ஹேண்ட்லரையும் அது அழைக்கும் ஃபங்ஷன்களையும் பொது ரெஜிஸ்டர்களை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் ஜிசிசி ஃபிளாக்குடன் கம்பைல் செய்து பாருங்கள். பிழை மறைந்தால் சந்தேகமே இல்லை. சின்ன ஹைப்பர்வைசர் என்றால் அப்படியே விட்டுவிடலாம், என்னைக் கேட்டால் அதுவே நல்லது.

அது முடியாதென்றால்:

1. எக்சிட்டில் முதலில் பொது ரெஜிஸ்டர்கள், அப்புறம் எக்ஸ்சேவ் (எக்ஸ்எம்எம் போன்றவற்றை நினைவகத்தில் சேமிக்கும் கட்டளை). எதையெல்லாம் சேமிப்பது என்று சொல்லும் மாஸ்க்கை ஈடிஎக்ஸ், ஈஏஎக்ஸில் வைக்க வேண்டுமே!
2. சேமிக்கும் இடம் 64 பைட் எல்லையில் தொடங்க வேண்டும். ஹெடரை முதலிலேயே பூஜ்யமாக்குங்கள். குப்பை இருந்தால் சேமித்ததை மீட்கும் எக்ஸ்ஆர்ஸ்டோர் ஜிபி ஃபால்ட் (பொதுப் பாதுகாப்புப் பிழை) தரும்.
3. பழைய சேமிப்புக் கட்டளையான எஃப்எக்ஸ்சேவுக்கு 512 பைட் போதும், ஆனால் எக்ஸ்எம்எம்மின் இருமடங்கு வடிவமான ஒய்எம்எம்மின் மேல்பாதி போய்விடும்.

இதை ஏஎம்டிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே கெஸ்ட்டின் ஆர்ஏஎக்ஸ் விஎம்சிபியில் (விஎம்சிஎஸ்ஸுக்கு ஏஎம்டியில் ஈடானது) இருக்கும். எக்சிட் ஆனதும் ரெஜிஸ்டரில் இருப்பது ஹோஸ்ட்டுடையது.