செம்புத் தூபத் தட்டு இரண்டே தடவையில் கறுத்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா? எப்படிப் பராமரிப்பது?

கெடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்நேரம் நீங்கள் கம்பி நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதைக் கீழே வையுங்கள்.

சூடுபட்ட செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் சிவக்கும், ஊதாவும் நீலமுமாக மினுக்கும், கடைசியில் கறுக்கும். அது மேல்தோல்தான். உள்ளே செம்பு அப்படியே இருக்கிறது.

நிஜமாகச் சொன்னால், உங்கள் கேள்வியில் இருந்த "கெட்டுப்போய்விட்டதா" என்ற வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. எங்கள் வீட்டில் ஒரு செம்புத் தட்டை வைத்து ஆறு வருடமாக அந்த வார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அத்தை கொடுத்த தட்டு அது. கனமானது, உள்பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கும். ஈயம் பூசிய சமையல் பாத்திரம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அழகாக இருக்கிறதே, சாம்பிராணி போடலாம் என்று நினைத்தேன். கரியை அடுப்பில் கனலாக்கி, இடுக்கியால் எடுத்து, நேராகத் தட்டின் நடுவில் வைத்தேன். மணலும் இல்லை, சாம்பலும் இல்லை. சாம்பிராணியைத் தூவிவிட்டு நிமிர்ந்தால், கரிக்கு அடியிலிருந்து வெள்ளி மணிகள் உருண்டு வருகின்றன!

"ஐயோ, தட்டு உருகுதுங்க!" என்று கத்தினேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார், கையில் ஒரு சொம்புத் தண்ணீர். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊற்றிவிட்டார். சாம்பலும் ஆவியுமாகக் கூரை வரை எழும்பியது. நான் பதறிப்போய்த் துணியால் தட்டைத் தூக்கினேன். விளிம்பு துணியைத் தாண்டிச் சுட்டது. கைக்கு எட்டிய இடத்தில் வைத்தேன். எட்டிய இடம் தேக்கு மேஜை. வட்டமாக ஒரு கரும்புள்ளி, இன்றைக்கும் இருக்கிறது.

செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், வீட்டுக் கரிக்கு அந்தச் சக்தி கிடையாது. உருகியது வெள்ளீயப் பூச்சு. அது 232 டிகிரியிலேயே இளகிவிடும். பழைய பூச்சுகளில் காரீயமும் கலந்திருக்கக்கூடும் என்பதால், உள்ளே வெள்ளையாக இருக்கும் பாத்திரத்தில் தயவுசெய்து கரி வைக்காதீர்கள். விளிம்பு சுட்டதற்குக் காரணம் வேறு. எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் செம்பு வெப்பத்தைக் கடத்தும். நடுவில் வைத்த நெருப்பு ஓரத்துக்கு வர நேரமே ஆகாது.

வீட்டுக்காரர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லும் கதை வேறு: "இவ தட்டையும் உருக்கி, மேஜையையும் கெடுத்துட்டா." தண்ணீர் ஊற்றியவர் அந்தக் கதையில் எங்குமே வருவதில்லை. சரி, என் புதுப் புடவை மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனது யார்? முக்கோணமாக ஓட்டை. அதை நான் விருந்தாளிகளிடம் விரித்துக் காட்டுகிறேனா?

போகட்டும். உங்கள் தட்டுக்கு வருகிறேன். புதிதாக வாங்கியதாகத்தான் இருக்கும். அப்படியானால் மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கலாம், கடையில் மங்காமல் இருக்கப் பூசுவார்கள். முதல் தடவை ஏற்றியபோது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்ததா? அதுதான். ஆறிய தட்டை நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனால் துடைத்து, கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே நெருப்புப் பக்கம் கொண்டுபோங்கள். அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள். கடல் மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு செம்பை அரிக்கும். தட்டுக்குக் கீழே ஒரு கல்லோ ஓடோ கட்டாயம் இருக்கட்டும் (மேஜை அனுபவம்). தீக்குச்சி காட்டியதும் படபடவென்று பொறி பறக்கும் வட்டக் கரியா? அதில் வெடியுப்பு கலந்திருக்கும். மேலே வெள்ளைச் சாம்பல் படரும்வரை பொறுத்துச் சாம்பிராணியையோ குங்கிலியத்தையோ போட்டால் வெடிமருந்து வாடை வராது. அப்புறம், ஜன்னல். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அறை வாசனையாக இருக்கிறது என்பதால் காற்று நல்ல காற்று ஆகிவிடாது.

சுத்தம் செய்வதில் நான் ரொம்பக் கறார் கிடையாது. பிசின் உருகி ஒட்டிய பிசுக்கு தண்ணீருக்கு அசையாது, ஆறிய பின் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் வந்துவிடும். கறுப்பு போக வேண்டுமென்றால் எலுமிச்சையும் உப்பும், இல்லாவிட்டால் புளி. தேய்த்து அப்படியே வைத்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் உப்பும் புளிப்பும் மறுநாளே பச்சைப் பூச்சாக வந்து நிற்கும். நிறையத் தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடையுங்கள். மாதம் ஒரு தடவை போதும். நான் அதுகூடச் செய்வதில்லை, அந்தக் கருநிறம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பயப்பட வேண்டியது கறுப்புக்கு அல்ல, அந்தப் பச்சைக்குத்தான். களிம்பு. சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டிய ஆணவத்துக்கு உவமையாகச் சொல்வார்களே, செம்பில் களிம்பு என்று, அதேதான். சாம்பலில் இருக்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய சாம்பலைத் தட்டிலேயே வாரக்கணக்கில் விட்டால் அடியில் களிம்பு பிடிக்கும். ஆறியதும் கொட்டிவிடுங்கள், ஆனால் உடனே பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். சாம்பலுக்குள் கனல் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இப்போது சிலர் வந்து, "தூபத்துக்கு மண்தான் சரி, செம்பு எதற்கு?" என்பார்கள். மண் நல்லதுதான், நான் மறுக்கவே இல்லை. கையில் செம்பு இருப்பவர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. தட்டில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பின் மேல் செம்பு முலாம் பூசியது. அதில் மட்டும் எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம், தேய்க்கத் தேய்க்க முலாம் போய்விடும்.